பளபளக்கும் எழுத்துகளின் பட்டறைக் கணக்கு

கடைவீதி முழுக்க அக்ரிலிக் போர்டு. அதை வெட்டித் தள்ளுகிறது, கணினி சொன்னபடி ஓடும் சிஎன்சி ரௌட்டர். இஞ்ச் கணக்கில் ரேட் பேசி வாங்குகிறோம். அந்த ரேட்டில் வராத செலவுகளை யார் தலையில் கட்டுகிறோம்?

கோவை கணபதி பக்கத்துப் பட்டறைகளில், முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு ஷட்டர் பாதிதான் இறங்கும். உள்ளே எட்டடிக்கு நாலடி மேஜையில் சிவப்பு அக்ரிலிக் ஷீட் கிடக்கிறது. மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாளை இன்னும் உரிக்கவில்லை. வெட்டும் பிட்டைச் சுழற்றியபடி ஸ்பிண்டில் இறங்குகிறது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு சீரான ரீங்காரம். ‘ப’ எழுத்தின் இடது கோடு விழுகிறது. சிவப்புச் சீவல் சிதறி, மெஷின் ஓட்டுபவரின் முழங்கை வரை அப்பிக்கொள்கிறது. செல்போன் அடிக்கிறது.

“அண்ணா, காலைல ஆறு மணிக்கு ஹோமம்ங்க. அதுக்குள்ள போர்டு மேல ஏறிரோணும்.”

“ஏத்திரலாங்க. கரண்ட் லைன் மட்டும் வாசல் வரைக்கும் இழுத்து வச்சிருங்க.”

பேசும்போது அவர் பார்வை சுவரில் இருக்கிறது. காது மட்டும் மெஷினிடம். ரீங்காரம் கனத்து உறுமலாக மாறுகிறது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பிட் நகரும் வேகத்தை மாற்றும் ஃபீட் குமிழைத் திருப்புகிறார். சத்தம் மறுபடி தெளிகிறது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டினார். அக்ரிலிக் வேலையின் பாதி சூட்சுமம் அந்தத் திருப்பலில்தான் இருக்கிறது.

மீதிப் பாதி மெஷினைவிட்டு வெளியே வந்தபிறகு நடக்கிறது. ஒட்டுவது, மெருகேற்றுவது, தூக்கி மாட்டுவது, கழிவை அகற்றுவது. நாம் பேரம் பேசும் ரேட்டில் இந்தப் பாதிக்குப் பெரும்பாலும் இடமில்லை. எழுத்து உதிர்வதும் போர்டு விரிசல் விடுவதும் பட்டறைப் பையனுக்குத் தலைவலி வருவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

மெதுவாய்ப் போனால் உருகும்

மரத்தையும் இரும்பையும் அறுத்துப் பழகிய கைக்கு, வெட்டு முரண்டு பிடித்தால் வேகத்தைக் குறைக்கத் தோன்றும். அக்ரிலிக்கில் அது தலைகீழ். இந்தப் பொருள் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இளகத் தொடங்கும். வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பிட் உரசிப் பிறக்கும் சூடு ஷீட்டுக்குள் பரவாமல் வெட்டும் இடத்திலேயே தேங்கும். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோகும் ஒரே வழி சீவல். சீவல் பருமனாக, வேகமாக வெளியேற வேண்டும்.

கணக்கு எளிது. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று. பிட்டில் ஒரே ஒரு வெட்டு முனை. ஒரு சுற்றுக்கு 0.1 எம்எம் சீவல் எடுக்க வேண்டுமென்றால், பிட் நிமிடத்துக்கு 1,800 எம்எம் நகர வேண்டும். பயந்துபோய் அதை 600-க்கு இறக்கினால் முனை வெட்டுவதை விட்டுவிட்டு உரச ஆரம்பிக்கும். உருகிய பிளாஸ்டிக் பிட்டின் பள்ளத்தில் உருண்டையாகச் சேரும். அடுத்த நொடி பிட் உடையும், அல்லது வெட்டிய கோடு பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். மரத்துக்கு வாங்கிய இரண்டு முனை, நான்கு முனை பிட்டை அக்ரிலிக்கில் போடுபவர்கள் படும் பாடும் இதுதான். முனை கூடக்கூட ஒவ்வொரு முனைக்கும் கிடைக்கும் சீவல் மெலிகிறது.

ஓட்டத் தெரிந்தவர் தரையைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடுவார். சீவல் தனித்தனியாக, தொட்டால் சூடில்லாமல் உதிர்ந்திருந்தால் நல்ல வெட்டு. நூல் நூலாகச் சுருண்டிருந்தால் உருகிக்கொண்டிருக்கிறது. ஐந்து எம்எம் ஷீட்டை மூன்று எம்எம் பிட்டால் ஒரே மூச்சில் அறுக்காமல் மூன்று நான்கு சுற்றாக இறக்குவதும், கடைசிச் சுற்றுக்கு ஒரு மெல்லிய படலத்தை மிச்சம் வைத்து ஓரத்தைச் சீவி எடுப்பதும் நல்ல பட்டறையின் வழக்கம். இதற்கு நேரமாகும். அவசர ஆர்டரில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கடைசிச் சுற்றுதான்.

ஷீட்டிலும் இரண்டு சாதி. அச்சில் ஊற்றி வார்த்தது கேஸ்ட். இயந்திரத்தில் பிதுக்கி எடுத்தது எக்ஸ்ட்ரூடட். வார்த்தது சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், சுத்தமாக வெட்டுப்படும். பிதுக்கியது விலை குறைவு, தடிமன் ஒரே சீராக இருக்கும். ஆனால் சீக்கிரம் இளகி பிட்டில் ஒட்டும். மேல்தாளை உரித்துவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். கொட்டேஷனில் வெறுமனே ‘அக்ரிலிக்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது வந்தது என்று வாங்கியவருக்குத் தெரியப்போவதில்லை.

■ பெட்டிச் செய்தி: போர் விமானத்திலிருந்து மதுரை வரை

• அக்ரிலிக்கின் வேதிப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். ஜெர்மானியரான ஓட்டோ ரோம் 1933-ல் ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிரிட்டனில் ‘பெர்ஸ்பெக்ஸ்’.

• இரண்டாம் உலகப் போரில் விமானி அறையின் கூரை இதனால் ஆனது. குண்டடிபட்டு உடைந்த துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் கிடந்தும் ஒவ்வாமை ஏற்படவில்லை. இதைக் கவனித்த கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் உலகின் முதல் செயற்கைக் கண் லென்ஸைப் பொருத்தினார்.

• மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ‘அரோலேப்’ 1992 முதல் குறைந்த விலையில் கண் லென்ஸ் தயாரிக்கிறது. அதன் தொடக்ககால லென்ஸ்கள் இதே பொருளில் கடைந்தவை.

• அக்ரிலிக் ஒளியை 92 சதவீதம் கடத்தும். எட்டடிக்கு நாலடி, மூன்று எம்எம் ஷீட்டின் எடை சுமார் பத்தரை கிலோ.

லேசர் இருக்க ரௌட்டர் எதற்கு?

லேசர் வெட்டினால் ஓரம் தானாகவே பளபளக்கும். ரௌட்டர் வெட்டிய ஓரம் மங்கலாக, பொடி படிந்தாற்போல இருக்கும். அப்படியிருந்தும் போர்டு தொழிலில் ரௌட்டர் அசையாமல் நிற்கக் காரணம் உண்டு. கடை முகப்புக்குப் பின்னணியாகப் போடும் ஏசிபி ஷீட்டில் இருபுறமும் அலுமினியத் தகடு. பட்டறையில் இருக்கும் சாதாரண லேசருக்கு அது வேலையாகாது. எழுத்துக்குக் கனம் கொடுக்கும் ஃபோம் ஷீட் பிவிசி வகை. அதை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி, மெஷினை அரித்து, ஓட்டுபவரின் மூச்சுக்குழலையும் அரிக்கும். இரண்டையும் ரௌட்டர் அநாயாசமாக அறுக்கும். ஏசிபியில் பின்பக்கம் ‘வி’ பள்ளம் கீறினால் அட்டைப் பெட்டி மடிப்பதுபோல மடித்துவிடலாம்.

எழுத்து பொறிப்பதில் ரௌட்டருக்குத் தனி அழகு. நிறமற்ற ஷீட்டின் பின்புறம், எழுத்தை இடவலம் மாற்றி, ‘வி’ பிட்டால் அரை எம்எம் ஆழம் கீறுகிறார்கள். கீழ் விளிம்பில் எல்இடி பட்டையைப் பொருத்தினால் ஒளி ஷீட்டுக்குள்ளேயே ஓடி, கீறிய இடத்தில் மட்டும் சிதறி வெளியே வரும். பூஜை அறை விளக்குப் பலகை, டாக்டர் பெயர்ப்பலகை, நினைவுப் பரிசு எல்லாம் இந்த வித்தைதான். இப்போது காபி கடை, சலூன், கல்யாண மேடை என எங்கும் தொங்கும் ‘நியான்’ போர்டிலும் நியான் வாயு இல்லை. அக்ரிலிக்கில் ரௌட்டர் ஓட்டிய பள்ளத்தில் பதித்த சிலிக்கோன் எல்இடி வடம் அது.

2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் அமலான ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையில் அலங்காரத் தெர்மாகோலும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனரும் அடங்கும். தெர்மாகோலில் அறுத்த மணமக்கள் பெயருக்குப் பதில் ஃபோம் ஷீட்டும் அக்ரிலிக்கும் மேடை ஏற அதுவும் ஒரு காரணம்.

புள்ளி உதிரும் தமிழ்

தமிழ் எழுத்தின் வளைவுகள் ரௌட்டருக்கு வசதிதான். பிட் உருண்டையானது, உள்மூலைகளில் கூர்மை வராது. மூன்று எம்எம் பிட் என்றால் எந்த உள்மூலையும் ஒன்றரை எம்எம் ஆரத்தில் வளைந்தே தீரும். வளைவு அதிகமுள்ள நம் எழுத்தில் அது உறுத்தாது.

சிக்கல் வேறிடத்தில். ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் துவாரம் பிட்டைவிடச் சிறியதாக இருந்தால் பிட் நுழையாது, சுழி அடைத்துக்கொள்ளும். சின்ன எழுத்துக்கு ஒரு எம்எம் பிட் போட வேண்டும். அது சட்டென்று உடையும், நேரம் இழுக்கும். ஆகவே சுழியை மழித்த ஃபான்டைத் தேர்ந்தெடுத்துக் கதையை முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது புள்ளி. ஆங்கிலத்தில் சிறிய ‘ஐ’, ‘ஜே’ இரண்டுக்கு மட்டும்தான் புள்ளி. தமிழில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளி. வெட்டி ஒட்டும் போர்டில் அது எழுத்தோடு சேராத தனித் துண்டு. ஒரு அடி உயர எழுத்தின் புள்ளி ஒன்றரை இஞ்ச் வட்டமாக இருக்கலாம். ஒட்டும் பரப்பு அவ்வளவுதான். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வெயிலில் நிறுத்தினால் முதலில் விழுவது அதுதான். ‘ஸ்வீட்ஸ்’ கடை சில மாதத்தில் ‘ஸவீடஸ’ ஆகிறது. கொம்பும் காலும் தனித் துண்டுகளே என்பதால் அவற்றுக்கும் இதே கதி. பின்னால் ஒரு ஸ்டட் (திருகுத் தண்டு) வைத்துத் துளையில் இறக்கி முடுக்கினால் புள்ளி ஆண்டுக்கணக்கில் நிற்கும். கூடுதலாகும் செலவு சொற்பம். யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் செய்வதில்லை.

ஃபைலிலும் தொல்லை. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட் எழுத்து. பட்டறையில் இருப்பதோ பழைய கோரல் டிராவும் அதற்கேற்ற பழைய தமிழ் ஃபான்டுகளும். மறுபடி டைப் அடிக்கும்போது ஒற்று தொலையும், கொம்பு இடம் மாறும். தமிழ் படிக்கத் தெரியாதவர் வெட்டி ஒட்டும் பட்டறைகளும் உண்டு. இன்னொரு கண்ணி: சில ஃபான்டுகளில் ஓர் எழுத்தின் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் தெரியாது. ‘வெல்ட்’ கொடுத்து இணைக்காமல் மெஷினுக்கு அனுப்பினால் எழுத்தின் நடுவயிற்றிலேயே ஒரு கோடு அறுந்துவிடும்.

■ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் (1948) 1977-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பெயர்ப்பலகையில் தமிழ் கட்டாயம். மற்ற மொழிகளும் இருந்தால் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கான இடம் 5:3:2 என்ற விகிதத்தில் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூக்குக்குத் தெரியும் செலவு

அக்ரிலிக் பெட்டி எழுத்தின் பக்கச்சுவரை ஒட்டுவது பசை அல்ல, கரைப்பான். பல பட்டறைகளில் அது குளோரோஃபார்ம். ஊசியில் எடுத்து மூட்டின் ஓரத்தில் விட்டால் இடுக்குக்குள் தானாக ஓடி, இருபக்க அக்ரிலிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். சில நொடிகளில் மூட்டுப் பிடிக்கும். மலிவு, சுத்தம், வேகம்.

1847-ல் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் மயக்க மருந்தாக அறிமுகம் செய்த அதே குளோரோஃபார்ம்தான். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் அது அறுவை அரங்கிலிருந்து வெளியேறி வெகுகாலம் ஆகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘2பி’ பிரிவில் வைத்திருக்கிறது. பட்டறையிலோ ஜன்னலில்லாத பின்னறையில், கையுறை இல்லாமல், மின்விசிறிக் காற்றில் நாள் முழுக்கப் புழங்குகிறது. சாயங்காலம் வரும் தலைவலியை டீ குடித்துச் சரிசெய்துகொள்கிறார்கள்.

இதைவிட மோசம், அதே அறையில் தீச்சுடர் பிடித்து ஓரத்தை மெருகேற்றுவது. குளோரின் கலந்த கரைப்பானின் ஆவி சுடரில் பட்டால் ஃபாஸ்ஜீன் உருவாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சு வாயு அது. ஒட்டும் இடமும் சுடர் பிடிக்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டாம்.

சுடர் பிடிப்பதில் வேலைக்கும் கேடு உண்டு. சுட்டு மெருகேற்றிய ஓரத்துக்குள் ஓர் இறுக்கம் அடைபட்டு நிற்கும். அதன்மேல் கரைப்பானோ தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் மயிரிழை விரிசல்கள் படர்ந்துவிடும். புதுப் போர்டைத் துடைக்கிறேன் என்று ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து நாசம் செய்த கடைக்காரர்கள் பலர். ஈரத் துணியும் மென்மையான சோப்புத் தண்ணீரும் போதும்.

பட்டறையில் வேலை செய்வோர் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவே. பத்துப் பேருக்குக் கீழே என்றால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பொதுவாகக் கட்டாயமில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளரும் அந்த வாசலை எட்டிப் பார்ப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலைத் தாண்டினால் காது கெடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஸ்பிண்டிலும் தூசி உறிஞ்சியும் சேர்ந்து ஓடும் அறையில் பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. மெஷினைச் சத்தத்தை வைத்தே ஓட்டுபவருக்குக் காதுதான் கருவி. பிட்டுக்குச் செலவு செய்பவர்கள் காதடைப்பானுக்குச் செலவு செய்வதில்லை.

வெயிலில் நீளும் பலகை

சூடு ஏறினால் அக்ரிலிக் நன்றாகவே நீளும். எட்டடி ஷீட் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் ஐந்து எம்எம் வளரும். மேற்குப் பார்த்த கடையின் போர்டுக்கு விடியற்காலைக்கும் மாலை மூன்று மணிக்கும் இடையே இந்த வித்தியாசம் சாதாரணம். ஸ்க்ரூ அளவுக்கே துளை போட்டு இறுக முடுக்கினால் ஷீட்டுக்கு நீள இடமில்லை. துளையின் ஓரத்தில் விரிசல் பிறக்கும். துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, வாஷர் வைத்து, கொஞ்சம் தளர விட்டால் பிழைக்கும்.

மாட்டப் போகிறவர் பெரும்பாலும் மெஷின் ஓட்டியவர் அல்ல. ஏணியோடு வரும் தினக்கூலிக்காரர். அவர் கையில் இருப்பது சுவருக்கான டிரில். வெட்டுவதில் காட்டிய நுணுக்கம் முழுவதும் அந்த ஒரு துளையில் பாழாகிறது.

விழுந்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணை அருகே சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் கீழே விழுந்து லாரி ஏறி இறந்தார். பேனருக்கு எதிராக எழுந்த கோபம் நியாயமானது. ஏசிபியும் இரும்புச் சட்டமும் அக்ரிலிக்கும் சேர்ந்த கடை போர்டு அந்த பேனரைவிடக் கனமானது. நடைபாதைக்கு நேர் மேலே தொங்குவது. அதன் ஆணி துருப்பிடித்ததா என்று ஏறிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நெருப்பையும் நினைக்க வேண்டும். அக்ரிலிக் எரியும்; எரியும்போது உருகிச் சொட்டும். எல்இடிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைக் காற்றோட்டமில்லாத எழுத்துப் பெட்டிக்குள் திணிப்பது ஆபத்து.

பெயின்டர் எங்கே போனார்?

கையால் போர்டு எழுதியவர்களின் பிழைப்பை முதலில் பறித்தது ஃபிளெக்ஸ். மிச்சமிருந்ததை அக்ரிலிக் எடுத்துக்கொண்டது. அதற்காக மெஷினைத் திட்டிப் பயனில்லை. இழந்தது என்ன என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். ‘ப’வுக்கும் ‘ழ’வுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும், தூரத்திலிருந்து படிக்கக் கோடு எத்தனை தடிமன் வேண்டும், ‘ஸ்ரீ’யை எங்கே சுருக்க வேண்டும் என்பதெல்லாம் பெயின்டரின் கண் அளந்தவை. மெஷின் ஃபான்டில் இருப்பதை அப்படியே வெட்டும். இந்தக் கண் உள்ளவர்களை டிசைன் மேஜையில் உட்கார வைக்கும் பட்டறையின் போர்டு தனியாகத் தெரியும்.

மறுபக்கத்தில் புதுக் கைகள் வந்திருக்கின்றன. 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் படுகை கொண்ட மேஜை ரௌட்டர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே பெயர்ப்பலகை, கோல அச்சு, பரிசுப்பொருள் செய்து விற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். பெரிய மெஷின் போட நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்குக் கடனும், பிரிவைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியமும் உண்டு. மெஷின் வாங்க வழி இருக்கிறது. அதே திட்ட அறிக்கையில் காற்றுப்போக்கிக்கும் தூசி உறிஞ்சிக்கும் ஒரு வரி சேர்த்தால் அதுவும் மெஷின் செலவோடு போய்விடும்.

மிச்சத் துண்டுகள்

ஒரு ஷீட்டில் எழுத்துகளை அறுத்து எடுத்தபின் ஓட்டையும் ஓரமுமாக ஒரு பெரும்பகுதி நின்றுவிடும். பெரிய துண்டு கீ-செயின் ஆகலாம். சீவல்? தூய அக்ரிலிக்கைச் சுமார் 400 டிகிரிக்குச் சூடாக்கினால் மூலப்பொருளான மோனோமராகவே திரும்பிவிடும். பிளாஸ்டிக் உலகில் இது அரிய குணம். பழைய இரும்புக் கடைக்காரர் அக்ரிலிக் துண்டைத் தனியாக எடைபோட்டு வாங்குவது இதனால்தான். ஆனால் உருக்கிய ஈயத்தைப் பயன்படுத்தும் பழைய மறுசுழற்சி முறை ஈய நச்சைக் கூடவே கொண்டுவரும். மேலும், பட்டறைத் தரையில் அக்ரிலிக், ஃபோம், அலுமினியம், தாள் எல்லாச் சீவலும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. கலந்ததை யாரும் வாங்குவதில்லை. ஒரு சாக்குக்கு ஒரு பொருள் என்று பிரித்தாலே குப்பை காசாகும்.

■ பெட்டிச் செய்தி: ஆர்டர் கொடுக்கும்முன் கேளுங்கள்

• கேஸ்ட் ஷீட்டா, எக்ஸ்ட்ரூடட் ஷீட்டா? தடிமன் எவ்வளவு? பில்லில் எழுதித் தருவீர்களா?

• புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஸ்டட் உண்டா, டேப்பா?

• வெட்டும்முன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஃபைலின் படம் அனுப்புவீர்களா? (அனுப்பினால் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள்.)

• ஸ்க்ரூ துளையில் ஷீட் நீள இடம் விட்டிருக்கிறதா? மாட்டுபவர் யார்?

• பவர் சப்ளை எங்கே இருக்கும்? கழற்றி மாற்ற முடியுமா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் ரேட் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறட்டும். இஞ்சுக்கு இரண்டு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று நாம் பெருமைப்படும்போது, அந்த இரண்டு ரூபாயை மெஷின்காரர் தன் மெஷினிலிருந்து எடுப்பதில்லை. கடைசிச் சுற்று வெட்டிலிருந்தும், புள்ளிக்குப் பின்னாலுள்ள ஸ்டட்டிலிருந்தும், பின்னறைப் பையனின் முகக்கவசத்திலிருந்தும் எடுக்கிறார். போர்டு ஒருமுறை செய்கிற செலவு. பல ஆண்டுக்குத் தெருவின் தலைக்குமேல் நிற்பது. அடுத்த தடவை ஆர்டர் கொடுக்கப் போகும்போது ரேட்டைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் பின்னறைக்குப் போய் அங்கே ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.